குப்பையை அள்ளிய பிறகு அந்த நிலம் யாருக்கு?

துரைப்பாக்கத்திலிருந்து பல்லாவரம் போகும் இருநூறடிச் சாலையில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தால், ஒரே பார்வையில் இரண்டு நிலங்கள் தெரியும். ஒன்று நாணலும் நீரும் நாரைகளுமாக விரியும் பள்ளிக்கரணைச் சதுப்பு. அதே சதுப்பின் உடம்பின்மேல் 1980களிலிருந்து கொட்டிக் கொட்டி எழுந்த பெருங்குடிக் குப்பைமேடு இன்னொன்று. அந்த மேட்டைச் சில ஆண்டுகளாகக் கிளறி, சலித்து, அகற்றிவருகிறது சென்னை மாநகராட்சி. சுமார் 225 ஏக்கர், ஏறத்தாழ 34 லட்சம் கன மீட்டர் பழைய குப்பை, 350 கோடி ரூபாய்ச் செலவு. வடசென்னையில் கொடுங்கையூர் மேடு இதைவிடப் பெரியது. அள்ளத் தொடங்கும் முன் அங்கே கிடந்தது 66 லட்சம் டன்னுக்கு மேல்.

இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நண்பர்கள் முதலில் கேட்பது ஒன்றுதான்: "அங்கே என்ன வரப்போகிறது? பூங்காவா, மைதானமா, அலுவலகக் கட்டடமா?" ஆசையில் பிறக்கும் கேள்வி அது. ஆனால் அதற்கு முன்பே கேட்டு முடிக்க வேண்டியவை சில இருக்கின்றன. மாசுபட்ட ஒரு நிலத்தின் அடுத்த வாழ்வை எப்படித் தீர்மானிக்கிறார்கள் என்பதை, பொறியியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இங்கே சொல்லப் பார்க்கிறேன்.

நஞ்சு, பாதை, உயிர்

வீட்டில் ஒரு பூச்சிமருந்துப் புட்டி இருக்கிறது. பரணில், பூட்டிய பெட்டிக்குள் இருக்கும்வரை யாருக்கும் தீங்கில்லை. அதே புட்டி சமையலறை மேடையில், எண்ணெய்ப் புட்டிக்குப் பக்கத்தில் இருந்தால் ஆபத்து. மருந்து மாறவில்லை, அதன் வீரியமும் குறையவில்லை. அது ஒரு மனிதரிடம் வந்து சேர்வதற்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவுதான்.

மாசுபட்ட நிலங்களை ஆராய்பவர்கள் உலகெங்கும் இந்த முறையில்தான் யோசிக்கிறார்கள். தீங்கு நேர மூன்று சேர வேண்டும்: நஞ்சு இருக்க வேண்டும், அது பயணிக்க ஒரு பாதை வேண்டும், பாதையின் முடிவில் ஓர் உயிர் வேண்டும். ஈயம் கலந்த மண் நஞ்சு. காற்றில் பறக்கும் தூசு பாதை. பக்கத்துத் தெருவில் விளையாடும் குழந்தை உயிர். இந்த மூன்றில் ஒன்றை அறுத்துவிட்டால் சங்கிலி அறுந்துவிடும். மண்ணை அகற்றுவது, மண்ணை மூடுவது, குழந்தை அங்கே போகாதபடி செய்வது ஆகிய மூன்றும் வெவ்வேறு இடத்தில் அதே சங்கிலியை வெட்டும் வழிகள். மூன்றுக்கும் ஆகும் செலவிலும் நம்பகத்திலும்தான் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. வேலி போடுவது மலிவு. ஆனால் வேலி துருப்பிடிக்கும், காவலாளி ஓய்வு பெறுவார், குழந்தைகள் ஓட்டை தேடுவார்கள்.

ஆகவே முதல் வேலை, நிலத்துக்குள் என்ன இருக்கிறது, அது எந்த வழியாக எங்கே போகிறது, அங்கே யார் இருக்கிறார்கள் என்று வரைந்துகொள்வது. ஆழ்துளையிட்டு மண்மாதிரி எடுப்பார்கள். சுற்றிலும் சோதனைக் கிணறுகள் தோண்டி, நிலத்தடி நீர் எந்தத் திசையில் நகர்கிறது, அதில் என்ன கலந்திருக்கிறது என்று பருவத்துக்குப் பருவம் பார்ப்பார்கள். மழைக்காலத்தில் ஒன்று, கோடையில் ஒன்று என்றாவது பார்த்தால்தான் நீரின் குணம் புரியும். ஒரே நாளில் எடுத்த ஒரு மாதிரியை வைத்து "பாதுகாப்பானது" என்று எழுதிய அறிக்கையை நான் நம்பமாட்டேன்.

மேடு தூங்குவதில்லை

குப்பை கொட்டுவதை நிறுத்திவிட்டால் மேடு செத்துவிடும் என்று நினைக்கிறோம். உள்ளே அது பல பத்தாண்டுகள் வேலை செய்துகொண்டே இருக்கும்.

காய்கறிக் கழிவும் காகிதமும் துணியும் காற்றில்லாத ஆழத்தில் மட்கும்போது மீத்தேனும் கரியமில வாயுவும் ஏறத்தாழச் சமபங்காக உருவாகின்றன. காற்றில் மீத்தேன் நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்தால் ஒரு பொறி போதும், வெடிக்கும். 2022 ஏப்ரல் இறுதியில் பெருங்குடி மேடு தீப்பற்றிச் சில நாட்கள் எரிந்து, தென்சென்னை புகையில் மூச்சுத் திணறியது பலருக்கு நினைவிருக்கும். கோடைதோறும் நம் ஊர்க் குப்பைமேடுகள் எரிவதில் இந்த வாயுவுக்குப் பெரிய பங்கு உண்டு.

வாயுவின் குணத்தை விளங்கிக்கொள்ள இங்கிலாந்தின் லோஸ்கோ என்ற சிற்றூரில் நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கிருந்த குப்பைக்குழியை 1982இல் நிரப்பி முடித்து, மேலே களிமண் போட்டு மூடினார்கள். மேலே போக வழியில்லாத வாயு பக்கவாட்டில் பாறை வெடிப்புகளுக்குள் நகர்ந்தது. 1986 மார்ச் 24 அதிகாலை, வெளிக்காற்றின் அழுத்தம் திடீரென்று இறங்கியது. நிலத்துக்குள் அடைபட்டிருந்த வாயு உறிஞ்சியிழுத்தாற்போல் வெளியேறி, கிடங்குக்கு வெளியே இருந்த ஒரு வீட்டின் அடியில் சேர்ந்து வெடித்தது. வீடு தரைமட்டமானது. உள்ளே இருந்த மூவரும் படுகாயத்தோடு பிழைத்தார்கள். மூடியவர்கள் பாதையை அடைத்ததாக நினைத்தார்கள். பாதை திசை மாறியிருந்தது. இதன் பிறகுதான் வாயுவை அளப்பவர்கள் அழுத்தம் குறையும் நாட்களில் கட்டாயம் அளக்க வேண்டும் என்பது பரவலாக உறைத்தது. புயல் சின்னங்கள் அடிக்கடி வந்து காற்றழுத்தம் இறங்கும் வங்கக் கடற்கரை ஊர்களுக்கு இது தூரத்துக் கதை ஆகாது.

இரண்டாவது, குப்பைச்சாறு. பொறியாளர்கள் லீச்சேட் என்பார்கள். காபித்தூளில் வெந்நீர் ஊற்றினால் டிகாஷன் இறங்குவதுபோல, மழைநீர் குப்பைக்குள் இறங்கி அதிலுள்ளதையெல்லாம் கரைத்துக்கொண்டு கறுப்பாக வெளியேறும். அம்மோனியா, உப்புகள், பழைய பேட்டரிகளின் ஈயமும் காட்மியமும், பெயர் தெரியாத எத்தனையோ ரசாயனங்கள். அடியில் தடுப்புப் படலம் விரித்துக் கட்டிய நவீனக் கிடங்கில் இதைக் குழாயில் பிடித்துச் சுத்திகரிக்கலாம். நம் பழைய மேடுகளுக்கு அடித்தளமே கிடையாது. வெறும் தரையில், பெரும்பாலும் ஏரியிலோ சதுப்பிலோ கொட்டியவை.

மூன்றாவது, தரை. மட்கும் குப்பை சுருங்கும். உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குவரைகூட இறங்கலாம், அதுவும் ஒரே சீராக இறங்காது. ஒரு மூலை இறங்கும், ஒரு மூலை நிற்கும். அதன்மேல் கட்டிய சுவர் பிளக்கும், குழாய் உடையும். சரிவு செங்குத்தாக இருந்தால் இன்னும் கொடியது நடக்கும். 2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு அன்று கொழும்பின் மீதொட்டமுல்லவில் குப்பை மலை சரிந்து வீடுகளை விழுங்கியது. முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஒரே மண், மூன்று விதமான வாழ்க்கை

இனிமேல் சொல்லப்போவதுதான் இந்தக் கட்டுரையின் நடுமையம்.

சற்றே ஈயமும் காட்மியமும் கலந்த ஓர் ஏக்கர் மண் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் தார் போட்டு வண்டி நிறுத்துமிடம் ஆக்கினால், மண்ணை யாரும் தொடப்போவதில்லை, தூசு பறக்காது, மழைநீரும் அதிகம் இறங்காது. விளையாட்டு மைதானம் ஆக்கினால் கதை வேறு. குழந்தைகள் மண்ணில் புரண்டு, அதே கையை வாயில் வைப்பார்கள். வளரும் மூளைக்கு ஈயம் எமன். கீரைத்தோட்டம் போட்டால் இன்னும் மோசம். காட்மியத்தை வேரால் உறிஞ்சி இலையில் சேர்த்துவைப்பதில் கீரைகள் கெட்டிக்காரச் செடிகள். மண்ணில் இருந்தது தட்டுக்கு வந்துவிடும்.

மண்ணில் உள்ள நஞ்சின் அளவு மூன்றிலும் ஒன்றுதான். ஆகவே "இந்த மண் சுத்தமா?" என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் கிடையாது. "எதற்குப் போதுமான அளவு சுத்தம்?" என்று கேட்டால்தான் பதில் வரும். எந்தப் பயன்பாடு என்பதே எவ்வளவு சுத்தம் செய்ய வேண்டும் என்பதைத் தீர்மானிக்கிறது. மறுபக்கம், எவ்வளவு சுத்தம் செய்ய நம்மிடம் பணமும் காலமும் இருக்கிறது என்பதே எந்தப் பயன்பாடு சாத்தியம் என்பதைத் தீர்மானிக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே நிற்கும். திட்டமிடுபவர்கள் ஒரு பயன்பாட்டை எடுத்துக்கொண்டு, அதற்கு வேண்டிய சுத்தத்தைக் கணக்கிட்டு, செலவைப் பார்த்து, திரும்பவும் பயன்பாட்டை மாற்றி, இப்படிப் பலமுறை முன்னும் பின்னும் போய்வர வேண்டும். முதலில் வரைபடத்தில் பூங்காவை வரைந்துவிட்டுப் பிறகு மண்ணைச் சோதித்தால், சோதனை முடிவைப் பூங்காவுக்கு ஏற்ப வளைக்கும் சபலம் வந்துவிடும்.

இந்தக் கோட்பாட்டில் ஒரு கண்ணி உண்டு. "வண்டி நிறுத்துமிடத்துக்கு இது போதும்" என்று அரைகுறையாகச் சுத்தம் செய்துவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் அடுக்குமாடி எழுப்பினால் என்ன ஆகும்? மும்பை மலாடில் பழைய சிஞ்சோலிக் குப்பைக்கிடங்கின்மேல் அலுவலக வளாகம் எழுந்தது. கணினிகளும் குளிர்சாதன இயந்திரங்களும் அடிக்கடி பழுதாவதாக அங்கிருந்தவர்கள் புகார் சொன்னார்கள். நிலத்துக்குள்ளிருந்து கசியும் வாயுதான் உலோகத்தை அரிக்கிறது என்ற சந்தேகத்தில் ஆராய்ச்சிகள் நடந்தன. செம்பையும் வெள்ளியையும் அரிக்கும் காற்றைத்தான் அங்கே வேலை செய்தவர்களும் சுவாசித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது.

மூடுவதா, அள்ளுவதா

2016இல் வெளியான திடக்கழிவு மேலாண்மை விதிகள் பழைய கிடங்குகளுக்குச் சில வழிகளைச் சொல்லியிருந்தன. குப்பையைத் தோண்டியெடுத்துப் பிரித்துவிடலாம். இருக்கும் இடத்திலேயே படலம் விரித்து மூடி, வாயுவைக் குழாயில் பிடிக்கலாம். மணற்பாங்கான நிலமாக இருந்தால் பூமிக்குள் தடுப்புச்சுவர் எழுப்பி, கெட்ட நீரை இறைத்துச் சுத்திகரிக்கலாம்.

மூடும் முறைக்குப் பெரிய உதாரணம் நியூயார்க்கின் ஃப்ரெஷ் கில்ஸ். 1948இல் தொடங்கி, ஒரு கட்டத்தில் உலகின் மிகப் பெரிய குப்பைக்கிடங்காக ஆனது. 2,200 ஏக்கர். 2001இல் மூடினார்கள். மேட்டின்மேல் நெகிழிப் படலமும் மண்ணும் அடுக்கி, புல் வளர்த்து, வாயுவைப் பிடித்து வீடுகளுக்கு எரிபொருளாகக்கூட அனுப்பினார்கள். அந்தப் பூங்காவின் வடபகுதியில் ஒரு சிறு துண்டு பொதுமக்களுக்குத் திறந்தது 2023இல். பணமும் தொழில்நுட்பமும் குறைவில்லாத ஊரிலேயே இருபத்திரண்டு ஆண்டு ஆகியிருக்கிறது. நம் ஊரில் "ஓராண்டில் பூங்கா" என்று யாராவது அறிவித்தால் இந்தக் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். மும்பையின் கோராய் கிடங்கும் இதே முறையில் 2007க்குப் பிறகு மூடப்பட்டுப் புல்வெளி மேடாக நிற்கிறது.

பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் தேர்ந்தெடுத்தது அள்ளும் முறையை. பயோமைனிங் என்று செய்தித்தாள்களில் படித்திருப்பீர்கள். மேட்டைக் கிளறி வரப்புவரப்பாகக் குவித்து, நுண்ணுயிர்க் கரைசல் தெளித்து, புரட்டிப் புரட்டி உலரவிடுவார்கள். பிறகு சுழலும் உருளைச் சல்லடைகளில் போட்டுச் சலிப்பார்கள். நெகிழி, துணி போன்ற எரியக்கூடியவை சிமெண்ட் ஆலைகளுக்குப் போகும். கல்லும் கட்டட இடிபாடும் பள்ளம் நிரப்பப் போகும். மிஞ்சுவது மண்போன்ற நுண்பொருள். அதைப் பார்த்தால் நல்ல கறுப்பு மண் மாதிரியே இருக்கும், கையில் அள்ளத் தோன்றும். பல ஆண்டு கலந்துகிடந்த குப்பையிலிருந்து வந்தது என்பதால் கன உலோகங்களைச் சோதிக்காமல் அதை வயலுக்கு அனுப்புவது தவறு. ஒரு மேட்டின் நஞ்சை நூறு வயல்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்ததாகிவிடும்.

அள்ளினால் நிலம் திரும்பக் கிடைக்கிறது, வாயுவின் ஊற்றும் போகிறது. அது பெரிய லாபம். ஆனால் முப்பது, நாற்பது ஆண்டு மழையில் இறங்கிய குப்பைச்சாறு கீழே உள்ள களிமண்ணிலும் நிலத்தடி நீரிலும் இருக்கிறது. சல்லடை அதைத் தொடாது.

பெருங்குடியில் நீருக்கு என்ன உரிமை?

மற்ற ஊர்க் கிடங்குகளுக்கு இல்லாத ஒரு நியாயம் பெருங்குடிக்கு உண்டு. அது முதலில் குப்பைக்காகப் பிறந்த நிலமே இல்லை. மக்கள் அதைக் கழிவெளி என்றார்கள். கழி என்றால் உப்பும் நன்னீரும் கலக்கும் நீர்நிலை, நெய்தல் நிலத்துப் பழஞ்சொல். தென்சென்னையின் பல ஏரிகள் நிரம்பி வழிந்து இங்கேதான் வந்து சேரும். இங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கும் கோவளம் கழிமுகத்துக்கும் வடியும். அரசு ஆவணங்கள் இதைப் பயனற்ற நிலம் என்று பதிந்துவைத்த காலத்தில் குப்பை லாரிகள் வந்தன. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு அதன் பயன் என்ன என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. 2022இல் பள்ளிக்கரணைச் சதுப்பின் சுமார் 1,248 ஹெக்டேர் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது.

மீட்ட நிலத்தில் சூழல் பூங்கா அமைக்கலாம் என்ற யோசனை வந்தபோது, சதுப்பாகவே திருப்பிக் கொடுங்கள் என்ற எதிர்க்குரலும் எழுந்தது. நான் இந்தக் குரலின் பக்கம். நடைபாதையும் நீரூற்றும் வேறு இடத்தில் அமைக்கலாம். வெள்ளம் வந்து நிற்பதற்கு இந்தப் பள்ளத்தை விட்டால் வேளச்சேரியின் தரைத்தள வீடுகள்தான் மிச்சம்.

ஆனால் நஞ்சு, பாதை, உயிர் என்ற கணக்கை என் விருப்பத்துக்காகத் தள்ளிவைக்க முடியாது. சதுப்பு என்பது எளிய பயன்பாடு இல்லை. சொல்லப்போனால் மிகக் கண்டிப்பானது. வண்டி நிறுத்துமிடத்தில் தாரால் அடைத்த பாதையை இங்கே நாமே திறந்துவிடுகிறோம். நீரைக் கொண்டுவந்து மாசு படிந்த களிமண்ணின்மேல் நிறுத்துகிறோம். சேற்றில் உள்ள உலோகம் புழுவுக்கும், புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து நாரைக்கும் ஏறும். மீன் பிடிப்பவர் வீட்டுக்கும் ஏறும். ஆகவே சதுப்பாக மாற்ற விரும்புகிறவர்கள்தான் மற்ற எல்லோரையும்விடக் கடுமையான மண்பரிசோதனையைக் கேட்க வேண்டும். எங்கே சேறு அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கே சுரண்டியெடுக்க வேண்டும். மீட்ட பகுதியைச் சிறு கரைகளால் பிரித்து, ஒரு பாத்தியில் முதலில் நீர் நிறுத்தி, நாணலும் சம்பும் வளர்த்து, இரண்டு மழைக்காலம் நீரையும் சேற்றையும் அளந்து பார்த்த பிறகே தாய்ச்சதுப்போடு இணைக்கும் கரையை வெட்டலாம். அவசரப்பட்டு ஒரே நாளில் கரையை உடைத்தால் நல்ல நீரும் கெடும்.

முடிவெடுப்பவர் யார்

எவ்வளவு ஆபத்து என்று நிபுணர் சொல்வார். எதற்காக அந்த நிலம் என்பதை அவர் சொல்ல முடியாது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் ஆலைத் திட்டத்தை எதிர்த்து 2025இல் வடசென்னை மக்கள் தெருவில் இறங்கினார்கள். இத்தனை ஆண்டு நாற்றத்தையும் புகையையும் தாங்கியவர்களுக்கு, அடுத்து வரப்போவதைப் பற்றிப் பேச முதல் நாற்காலி கொடுக்க வேண்டும். அந்த மேட்டிலேயே பொறுக்கிப் பிழைத்தவர்களுக்கும் ஒரு நாற்காலி. எந்த ஆண்டு, எந்த மூலையில், எது கொட்டப்பட்டது என்பது எந்த அலுவலகக் கோப்பையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மறதிதான் இந்த நிலங்களின் பெரிய எதிரி. அமெரிக்காவின் நயாகரா நகரில் லவ் கால்வாய் என்ற இடத்தில் ஒரு ரசாயன நிறுவனம் 1942 முதல் சுமார் இருபதாயிரம் டன் கழிவைப் புதைத்தது. 1953இல் அந்த நிலத்தைப் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரே ஒரு டாலருக்கு விற்றது. உள்ளே ரசாயனம் இருக்கிறது என்று பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஆனாலும் பள்ளி கட்டினார்கள், சுற்றி வீடுகள் வந்தன. 1978இல் அவசரநிலை அறிவித்துக் குடும்பங்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. நம் ஊரில் நிலம் வாங்குபவர் பட்டா பார்ப்பார், முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்று எடுப்பார். கடனும் அடமானமும் அதில் தெரியும். கீழே ஒரு காலத்தில் குப்பை கிடந்தது என்பது தெரியாது. பழைய கிடங்குகளின் எல்லையை நில ஆவணத்திலேயே நிரந்தரமாகக் குறித்துவைப்பதற்குப் பெரிய செலவு எதுவும் ஆகாது.

2016 விதிகள் இன்னொன்றும் சொல்லியிருந்தன. மூடிய கிடங்கைக் குறைந்தது பதினைந்து ஆண்டு கவனிக்க வேண்டும். வாயுவும் சாறும் வரம்புக்குள் இருக்கின்றன, தரை உறுதியாக இருக்கிறது என்று உறுதியான பிறகே குடியிருப்பு முதலியவற்றைப் பற்றி யோசிக்கலாம். அள்ளி முடித்த நிலத்துக்கும் இந்தப் பொறுமை வேண்டும் என்பது என் கருத்து. பதினைந்து ஆண்டு என்றால், இன்று பெருங்குடியில் ஒன்றாம் வகுப்பில் சேரும் குழந்தை கல்லூரி முடிக்கும் காலம். அதுவரை பருவம் தவறாமல் ஒருவர் சோதனைக் கிணற்றில் நீர் எடுக்க வர வேண்டும். உங்கள் ஊர்க் கிடங்குக்குத் திட்டம் வரும்போது வரைபடத்தின் பச்சை நிறத்தைப் பார்ப்பதற்கு முன், பதினான்காம் ஆண்டில் அந்த ஆளுக்குச் சம்பளம் எந்தத் தலைப்பில் ஒதுக்கியிருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.